‘வாடா’ என்ற ஒரு சொல்

மார்ச் 9, ஞாயிறு.

சாதிப் பகை தணியட்டும் என்று நான் எழுதிய வீதி நாடகம் இன்று பல்லடம் அருகே ரத்தத்தில் நின்றது. காலனியைச் சேர்ந்த மாரிமுத்துவுக்குப் பண்ணையார் வேடம். கூலியாளாக நடித்த தோட்டத்து வீட்டுப் பிள்ளையை அவன் "இங்க வாடா" என்றான். நிஜத்தில் அந்தப் பிள்ளையை "வாங்க" என்றுதான் அவன் அழைத்தாக வேண்டும். பார்த்துக்கொண்டிருந்த தோட்டத்துக்காரர்களில் நான்கு பேர் உள்ளே பாய்ந்தார்கள். ஒருவன் மைக் ஸ்டாண்டைப் பிடுங்கி மாரிமுத்துவின் முகத்தில் அடித்தான். மைக்கை யாரும் அணைக்கவில்லை. பல் உடைந்த சத்தம் ஊருக்கே கேட்டது.

குறுக்கே போன என்னிடம் அடித்தவன் மரியாதை தவறவில்லை. "ஏனுங்க டீச்சரம்மா, தள்ளி நில்லுங்க. சீலையில ரத்தம் தெறிச்சுப்போடும்." சொல்லிவிட்டு மறுபடியும் ஓங்கினான்.

நாளை பெருந்துறையில் அந்த வேடத்தை நானே போடுவதாக ஆஸ்பத்திரியில் மாரிமுத்துவிடம் சொன்னேன். என்னை அடிக்க மாட்டார்கள்; நான் அவர்கள் சாதிக்காரி.

"நீங்க 'வாடா'ன்னா அவிங்க சிரிப்பாங்க டீச்சர்," என்றான், வாய் நிறையப் பஞ்சோடு. "நான் சொன்னாத்தானுங்க அது நாடகம்."

நாடகத்தில் முனைவர் பட்டம் வாங்கியவள் நான். இதை அவன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவனுடைய வலது கண் தேறுமா என்பதை டாக்டர் காலையில்தான் சொல்வாராம்.