லாபம், ரெண்டு, மூண்டு

காங்கேசன்துறை

அன்புள்ள அம்மாவுக்கு,

ஒரு பிள்ளை, புளியங்கொட்டையைத் தொடுமுன் கையைச் சட்டையில் துடைத்தாள். சாவகச்சேரிச் சந்தையில் பயறு அளக்குமுன் நீங்கள் துடைப்பீர்களே, அப்படி. உங்கள் இடுப்புவலி குறைந்ததா? நான் சுகம்.

நேற்று முன்பள்ளியில் நான் எழுதிய பாடத்திட்டத்தை என்னையே நடத்தச் சொன்னார் ரீச்சர். அவர் நல்லது சொன்னால்தான் எனக்கு ஆசிரியர் பயிற்சிக்கு இடம். மதிப்பீட்டுக்குப் பிள்ளைகள் கொட்டை எண்ண வேண்டும். அந்தப் பிள்ளையின் தாய் மீன் விற்பவர். அவள், "லாபம், ரெண்டு, மூண்டு" என்று எண்ணினாள்.

"ஒண்டு எங்கை பிள்ளை? வித்துப்போட்டியே?" என்றார் ரீச்சர். எல்லாரும் சிரித்தார்கள். "உவளுக்கு எண்ணத் தெரியாது. பிழையெண்டு புள்ளடி போடும்," என்றார் என்னிடம்.

வியாபாரிகள் எண்ணும்போது ஒன்றை லாபம் என்பார்கள் என்று அவருக்குத் தெரியாதா? சின்ன வயதில் என்னைப் பார்த்தும் வகுப்பில் இப்படித்தான் சிரித்தார்கள். அதன்பின் நான் வகுப்பில் வாய் திறக்கவில்லை. பிறகு வெகுநாள் பள்ளிக்கூடமே போகவில்லை. பாடத்திட்டத்தில் நோக்கம், நேரம் எல்லாம் எழுதிய எனக்கு, இப்படி ஒரு பிள்ளை இருப்பாள் என்று தோன்றவில்லை.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் அரிசி அளக்கும் நமது பழைய சுண்டைக் கொடுத்துவிடுங்கள். நான் தங்கியிருக்கும் வீட்டில் அரிசி அளக்கும்போது யாரும் லாபம் சொல்வதில்லை.

நேற்று ரீச்சர் பார்த்துக்கொண்டே நின்றார். நான் அந்தப் பிள்ளையின் பெயருக்கு நேரே சரி போட்டேன்.

மகள்
கஜந்தினி