மண்மேட்டுக்குப் பின்னால் ஒரு பாதை

1963 ஆடி, வெள்ளிக்கிழமை

எங்கள் பள்ளி மாணவர் படை துப்பாக்கி சுட்டுப் பழக ஓர் இடம் வேண்டும். மூடிய கூடத்துக்கும் திறந்த வெளிக்கும் ஆகும் செலவை இன்று தாளாளரிடம் சொன்னேன். கூடமென்றால் சுவர், கூரை, விளக்கு எல்லாம் வேண்டும். வெளியிலென்றால் குண்டைத் தாங்க ஒரு மண்மேடு போதும்.

"மேடே போதும் சார்," என்றார்.

"மேட்டுக்குப் பின்னாலதான் பட்டாசு கம்பெனிக்குப் பொம்பளைங்க போற பாதை இருக்கு," என்றேன்.

"அவுக சுத்திப் போகட்டும்."

திரும்பும்போது அந்தப் பாதையில், கம்பெனியில் திரி வைக்கும் பொன்னுத்தாயைப் பார்த்து விஷயத்தைச் சொன்னேன்.

"சுத்திப் போனா நேரமாயிரும், கேட்டைச் சாத்திருவாக சார். நீங்க சுடுறப்ப நாங்க குனிஞ்சு போயிக்கிடுதோம்," என்றாள். அவள் சிரிக்கவில்லை.

நாளைக் காலை மண் வண்டி வருகிறது. தாளாளரிடம் மறுபடியும் சொல்லிப் பார்ப்பேன். கேட்க மாட்டார். அப்படியானால் சுடும் நாளெல்லாம், அவர்கள் கடந்து போகும்வரை, அந்தப் பாதையில் நானே போய் நிற்க வேண்டியதுதான்.