சைடு காரில் யார் உட்காருவது

அத்தான்,

வேம்பாரில் அக்காவைப் பார்க்கப் போகிறேன், பொழுது சாய வந்துவிடுவேன். சாளை மீன் குழம்பு உறியில் இருக்கிறது. சாவி பக்கத்து வீட்டில்.

பட்டாளம் கழித்துவிட்ட சாமான் விற்கும் சாலிஹ் காக்கா மத்தியானம் வருவார். அவர் பார்த்து எடுக்கச் சொல்லி விட்டுப்போன இரண்டு ஜெனரேட்டரில், வேண்டாததைத் திரும்பக் கொடுக்கவேண்டும். பெரியதைக் கொடுத்துவிடுங்கள்.

உப்பளத் திடலில் நீங்கள் ஓட்டும் மோட்டார் சைக்கிள் பந்தயத்தன்று விளக்குக்கும் ஒலிபெருக்கிக்கும் பெரியதுதான் தாங்கும் என்பீர்கள். நேற்று அதைச் சைடு காரில் ஏற்றி, அடியில் என் தலையணையை வைத்து, உப்புக்காற்று படாமல் என் கல்யாணச் சேலையால் போர்த்தினீர்களே! "பையப் போவோம், ஒனக்குக் குலுங்கக் கூடாதுல்லா" என்று அதனிடம் குழைந்ததும் என் காதில் விழுந்தது. என்னை ஏற்றிப் போகும்போது எந்தப் பள்ளத்தைப் பார்த்து ஓட்டினீர்கள்?

சேலையை உருவிவிட்டேன். எண்ணெய்க்கறை இனிப் போகாது.

புஷ்பம்

சொல்ல விட்டுப்போனது: விளக்குக்குச் சின்னதே போதும். ஒலிபெருக்கி எதற்கு, நீங்கள் ஜெயித்தால் நான் கத்த மாட்டேனா? பெரியதை எடுத்தால் அந்தச் சக்களத்தி என் இடத்தில் உட்காருவாள். சின்னது என்றால் நானே மடியில் வைத்துக்கொண்டு வருவேன்.