தோசைக்கல்லும் பழைய துவக்கும்

பிரெடெரிசியா, டென்மார்க், 9 யூன் 2009

அன்புள்ள இன்பமலருக்கு,

நான் சுகம். சண்டை முடிந்து மூன்று கிழமைக்குப் பிறகு முகாம் பட்டியலில் உமது பெயரைக் கண்டேன். வயதில் இரண்டு குறைத்துச் சொல்லியிருந்தபடியால் அது நீர்தான் என்று உறுதியானது. இதை முதலில் பிரித்து வாசிக்கும் முகாம் அதிகாரிக்கும் என் வணக்கம்.

நான் துப்புரவு செய்யும் சூட்டுச் சங்கத்தில் நூற்றைம்பது வருடப் பழைய துவக்குகளால் காகித அட்டையைச் சுடுவார்கள். அதிகாரி பதறவேண்டாம், அட்டை எந்தக் கட்சியையும் சேர்ந்ததல்ல. போன சனிக்கிழமை மூன்று வெடிக்குப் பிறகு குண்டு குழலுக்குள் இறங்க மறுத்தது. பிழை என்னுடையது. நான் பூசிய மெஷின் எண்ணெய் கருமருந்தின் கரியோடு சேர்ந்து தாராகியிருந்தது. கழுவித் துடைத்து, தேன்மெழுகையும் தேங்காய் எண்ணெயையும் உருக்கிக் குண்டில் தடவிக் கொடுத்தேன். அடுத்த பன்னிரண்டு குண்டும் வழுக்கிக்கொண்டு இறங்கின.

"இதை எங்கே பழகினாய்?" என்றார் தலைவர் கார்ஸ்டன்.

"தோசைக்கல்லில்."

ஊர்ப் பெயர் என்று நினைத்துக் குறித்துக்கொண்டார்.

உமது செருப்பின் அளவை எழுதும். கண்ணாடி உடைந்திருந்தால் அதையும் எழுதும். ஒன்றும் தேவையில்லை என்றால், அந்த இரண்டு சொல்லையாவது உமது கையால் எழுதி அனுப்பும். தபாற்கந்தோர் பூட்டப்போகிறது, ஓடுகிறேன்.

உமது
ஞானரட்ணம்