ஒரே இழுப்பில் வந்த எரர்

அம்முவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உன் இடுப்பு வலி குறைந்ததா? அப்பா வேளைக்கு மாத்திரை போடுகிறாரா?

நீ எழுதிப் பழகும் புரோகிராமில் வந்த எரரை நேற்று அனுப்பியிருந்தாய். ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை. "கட்டளை அடிக்கிற அந்தக் கறுப்புத் திரை, டெர்மினல்ல, எழுத்து மேல மவுஸை அழுத்தி இழுத்தாலே காப்பி ஆயிடுதுங்க. மேல்வீட்டு இன்ஜினியர் சொல்லிக் கொடுத்தார். உங்களுக்கு இது தெரியாதா?" என்று வேறு கேட்டாய்.

தெரியும். சொன்னால், நீ போனில் எரரை எழுத்தெழுத்தாக வாசிப்பதை நிறுத்திவிடுவாய் என்பதும் தெரியும். வாசிக்கும்போது குக்கர் கத்தும், நீ வரியைத் தவறவிட்டுச் சிரிப்பாய், மறுபடி முதலிலிருந்து தொடங்குவாய். நேற்று ஒரே நிமிஷத்தில் போனை வைத்துவிட்டாய். அதிலும் பாதி அந்த ஆள் புராணம்.

அதே கடுப்பில் இன்று ஆபீஸ் டெர்மினலில் காப்பி செய்வதாக நினைத்து கன்ட்ரோல் சி அழுத்திவிட்டேன். அங்கே அது ஓடுகிற வேலையை நிறுத்திவிடும். நின்றது. "நேத்துதான் வேலைக்குச் சேர்ந்தீங்களா?" என்றார் மேனேஜர். பயப்படாதே, திரும்ப ஓட்டிவிட்டேன்.

என் பழைய ஹெட்போனை அனுப்பு. இன்ஜினியரை அவர் வீட்டு மவுஸைப் பிடித்து இழுக்கச் சொல். மேனேஜர் கூப்பிடுகிறார். எரர் வராவிட்டாலும் போன் போடு.

உன் வீட்டுக்காரன்