வீடியோவில் தெரியாத முகம்

அகமதாபாத்,
வியாழக்கிழமை.

அன்புள்ள அன்னக்கொடிக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா? மாடிப்படி ஏறாதே.

“ஏங்க, மூஞ்சியக் காட்டாம என்னத்த மறைக்கிறீங்க? காச்சலா?” என்று போன ஞாயிறு வீடியோவில் பேசும்போது கேட்டாய். வில்லாபுரத்து வீட்டில் இருக்கும் நீ எனக்குத் தெளிவாகத் தெரிந்தாய். என் பக்கம்தான் இருட்டு. கேமரா கோளாறு என்று நான் சொன்ன சமாதானத்தை நீ நம்பவில்லை.

அந்த வீடியோ சாப்ட்வேரை அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்தேன். கேமராவைப் பயன்படுத்தலாமா என்று கேட்டது, சம்மதம் கொடுத்தேன். அப்போதும் இருட்டுதான். உள்தாழ்ப்பாள் போட்ட கதவுக்குச் சாவியை மாற்றி மாற்றிப் போட்டது போல ஆயிற்று. கடைசியில், இந்தப் பள்ளியில் என்னோடு வேலை பார்க்கும் திருமங்கலத்து அசோக்குமாரைக் கூப்பிட்டேன். லேப்டாப்பைப் பார்த்ததுமே சிரித்துவிட்டார்.

“அண்ணே, ஆயுத பூசைக்குச் சந்தனம் வச்சீகளா? கேமரா கண்ணுலயே அப்பியிருக்கீகளே. எம்புட்டு சாப்ட்வேர் போட்டு என்ன செய்ய?”

நெற்றி என்று நினைத்து மேலே நடுவில் பொட்டு வைத்தேன். கேமராவும் அங்கேதான் இருக்கிறது. அறையில் தனியாகச் செய்த பூசை. நீ பக்கத்தில் இருந்தால் தடுத்திருப்பாய்.

துடைத்ததும் முகம் வந்தது. கொஞ்சம் இளைத்திருப்பேன், பயப்படாதே. இங்கே பருப்பிலும் வெல்லம் போடுகிறார்கள். சாம்பார்ப் பொடி அனுப்பு.

ரிட்டயர் ஆன பிறகும் மணிச் சத்தம் என்னை விடவில்லை, வகுப்புக்குக் கிளம்புகிறேன். ஞாயிறன்று பேசி முடித்ததும் வீடியோவை அணைத்துவிடாதே. கேமராவை அடுப்படிப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, நீ உன் வேலையைப் பார்.

உன்
காசிமாயன்