இடது பக்கம்

செவ்வாய் இரவு, புதுமடம்.

சாயங்காலம் என் டீக்கடை முன்னால் போலீஸ் ஜீப் வந்து நின்றது. முனியசாமியை இறக்கி நிறுத்தினார்கள். தடை செய்த கடல் அட்டையோடு பிடிபட்டிருக்கிறான்.

"இவன் உன் கூட்டாளியா?" என்று எஸ்.ஐ. என்னைக் கேட்டார்.

"இல்ல சார். கடைக்கு வருவாரு. தெரிஞ்சவரு, அம்புட்டுத்தான்."

முனியசாமியும் முகம் மாறாமல், "ஆமா சார், டீ குடிக்க வருவேன். அவரு பேருகூடத் தெரியாது" என்றான்.

சின்ன வயதிலிருந்து என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டவன். என்னைக் காப்பாற்றத்தான் சொன்னான். அப்படியும் சுருக்கென்றது.

எஸ்.ஐ. எல்லோருக்கும் டீ கேட்டார். முனியசாமியின் வலது பக்கம்தான் எனக்குக் கிட்டே. நான் சுற்றிக்கொண்டு இடது பக்கம் போய், காதருகே குனிந்து, "சூடா இருக்கு, பாத்துக் குடிங்க" என்றேன்.

கடலடியில் சங்கு குளித்துக் குளித்து அவனுக்கு வலது காது கேட்காது. வெளியே தெரிந்தால் வள்ளத்தில் ஏற்ற மாட்டார்கள் என்று என்னிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறான்.

எஸ்.ஐ. அவன் வலது பக்கம் போய் நின்று மெதுவாக, "முனியசாமி" என்றார். அவன் திரும்பவில்லை. எஸ்.ஐ. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"காலைல ஸ்டேஷன் பக்கம் வா."

எதற்கென்று வீட்டில் மனைவி கேட்டாள். தெரியாது என்றேன். முனியசாமி முந்தாநாள் வைத்துவிட்டுப் போன சாக்கு கடைக்குப் பின்னால் அப்படியே கிடக்கிறது. நான் இன்னும் பிரிக்கவில்லை.

வாய் சரியாகத்தான் பொய் சொன்னது. காலுக்குச் சொல்லிவைக்க மறந்துவிட்டேன்.